தங்கச்சி நெத்தியில மரு, ஆவணியில கல்யாணம்: கைவைத்தியம் ஏதும் இருக்கா?

செங்கோட்டைக்காரி
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம், மாப்பிள்ளை வீடு புனலூர். அவளுக்கு நெத்தியிலயும் பொட்டுப் பக்கமும் சின்னச் சின்னதா, தட்டையா, தோல் நிறத்துலயே மரு மாதிரி வந்திருக்கு. மொதல்ல புருவத்துக்கு மேல ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு. பார்லர்ல நூல் போட்டு புருவம் எடுத்துட்டு வந்தா, கொஞ்ச நாள்ல அந்த நூல் போன வழியிலயே வரிசையா கோடு போட்ட மாதிரி வந்துருச்சு. வலி இல்ல, அரிப்பு இல்ல. ஆனா வெளிச்சத்துல பக்கவாட்டுல நின்னா நல்லாத் தெரியுது.

அம்மா சுண்ணாம்பையும் துணி சோடாவையும் குழைச்சு ஈர்க்குச்சியால தொட்டு வைக்கச் சொல்லுதா. பக்கத்து வீட்டு ஆச்சி அம்மான் பச்சரிசிச் செடியோட பாலுங்கா. ஆரியங்காவு அத்தை துஜாங்கிற ஹோமியோபதி மருந்து வாங்கித் தாரேன்னு நிக்கா. அம்மாவுக்கும் கன்னத்துல கருப்பா நெறைய இருக்கு, அதனால "இது நம்ம குடும்பத்துக்கே உள்ளது"ன்னு வேற சொல்லுதா. யாராவது முகத்துல செஞ்சு பாத்தவங்க இருந்தா சொல்லுங்க. கைகால்ல செஞ்சது வேண்டாம்.

மார்த்தாண்டத்து மாமா
மக்களே, இதுக்கெல்லாம் என்னத்துக்கு இவ்வளவு வெப்ராளம்? எங்க பக்கம் அண்டி ஆபீஸ், அதான் முந்திரி ஆலை, இல்லாத ஊரு உண்டா? கொல்லாங்கொட்டையை, அதான் முந்திரிக்கொட்டையைச் சுட்டா தோட்டுல இருந்து ஒரு எண்ணெய் வடியும். ஈர்க்கில் முனையில அதைத் தொட்டு மரு மேல மட்டும் வச்சா போதும். கருத்துப் பொரிஞ்சு தன்னால உதுந்து போவும். எனக்க கையில உள்ளது அப்படித்தான் போச்சு. பண்டு எங்க நாட்டு வைத்திய ஆசான்மாரு செய்யியதும் இதுதான்.

களியக்காவிளை மருந்துக்கடை
மாமா, அவங்க கைகால் வேண்டாம்னு சொல்லித்தான் கேட்டிருக்காங்க, நீங்க கையைத்தான் சொல்றீங்க.

நான் மருந்தாளுநர். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் தமிழ், ரெண்டு பக்கத்துல இருந்தும் மருவுக்கு மருந்து கேட்டு வருவாங்க. கடையில விக்கிற மரு திரவத்துல சாலிசிலிக் அமிலம் கிட்டத்தட்ட 17 சதவீதம் இருக்கும், பெரும்பாலும் லாக்டிக் அமிலமும் சேர்ந்திருக்கும். குப்பி அட்டையிலயே முகத்துல போடாதேன்னு எழுதியிருக்கும். மச்சத்து மேல போடாதே, சர்க்கரை வியாதி இருந்தா கேக்காம போடாதேன்னும் இருக்கும். கம்பெனிக்காரன் விக்கத்தானே பாப்பான், அவனே முகத்துக்கு வேண்டாம்னு சொல்றான்னா காரணம் இல்லாம இருக்குமா? உள்ளங்கால் தோல் தடிமன், அந்த அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமா உரிக்கிறதுக்காகவே செஞ்சது. நெத்தித் தோலும் இமைத் தோலும் அந்தக் கணக்குல வராது.

கொல்லாங்கொட்டைத் தோட்டு எண்ணெய் அதைவிட மோசம். அதுல அனகார்டிக் அமிலம், கார்டால்னு தோலைப் பொத்துப்போக வைக்கிற சரக்கு இருக்கு. அண்டி ஆபீஸ்ல தோடு உடைக்கிற பெண்களோட விரலைப் பாத்திருப்பீங்களே மாமா? கையில எண்ணெயும் சாம்பலும் தடவிக்கிட்டுத்தான் உக்காருவாங்க, அப்பவும் கருத்துப் போயிருக்கும். அந்தச் சரக்கைக் கல்யாணப் பொண்ணு நெத்தியில வைக்கலாமா? சேராங்கொட்டையும் இதே குடும்பம்தான். வண்ணார் துணியில போட்ட குறி வெளுக்க வெளுக்கப் போகாது. தோல்ல பட்டாலும் லேசுல போகாது.

சுண்ணாம்பும் துணி சோடாவும் சேர்ந்தா என்ன ஆகும்னு பத்தாம் வகுப்பு வேதியியல் போதும். சோடியம் ஹைட்ராக்சைடு வரும், அதாவது காஸ்டிக் சோடா. அமிலம் பட்டா மேல பொருக்கு கட்டி ஓரளவு அங்கேயே நின்னுரும். காரம் தோலைக் கரைச்சுக்கிட்டே உள்ள இறங்கும். பட்டப்ப பெரிசா எரியலைன்னு நம்பி விட்டுருவாங்க, மறுநாள் குழி விழுந்திருக்கும்.

தென்காசி டீ மாஸ்டர்
இதுக்கு எதுக்கு வேதியியல்? சங்கரன்கோவில் போயி புத்துமண் எடுத்து நெத்தியில பூசுங்க. உப்பும் மிளகும் வாங்கிப் போடுங்க. உப்பு கரையக் கரைய மருவும் கரையும்பாங்க. சின்ன வயசுல எனக்குக் கை நெறைய இருந்துச்சு, எங்கம்மா கூட்டிட்டுப் போனா, அடுத்த ஆடித்தபசுத் திருவிழா வரதுக்குள்ள ஒண்ணு இல்ல. பைசா செலவில்ல, பக்க விளைவும் இல்ல. 😀

களியக்காவிளை மருந்துக்கடை
டீ மாஸ்டர் அண்ணே, இதுவரைக்கும் இந்த இழையில வந்ததுலேயே பாதகம் இல்லாத வைத்தியம் உங்களுது, கிண்டலுக்குச் சொல்லல. மரு வர்றது எச்.பி.வி. வைரஸால. அதுல 100க்கும் மேல வகை இருக்கு. தட்டையா முகத்துல வர்றது பெரும்பாலும் 3, 10ங்கிற வகைகள். உடம்போட எதிர்ப்புச் சக்தி அதை என்னைக்குக் கண்டுபிடிக்குதோ அன்னைக்கு மரு தானாப் போயிரும். பிள்ளைங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள மூணுல ரெண்டு பங்கு தானா மறைஞ்சிரும். பெரியவங்களுக்குக் கொஞ்சம் மெதுவா. அந்த நேரத்துல யார் கையில என்ன இருந்துச்சோ அதுக்குப் பேரு போயிரும். உப்பு மிளகுக்கும் அப்படித்தான், துஜாவுக்கும் அப்படித்தான், என் கடைத் திரவத்துக்கும் பாதி அப்படித்தான்.

துஜா பத்தி அவங்க கேட்டதால சொல்றேன். கனடாவுல உள்ளங்கால் மருவுக்குத் துஜாவையும் கூட ரெண்டு ஹோமியோபதி மருந்தையும் குடுத்து, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் சர்க்கரை உருண்டையைக் குடுத்துப் பாத்தாங்க. 1992ல முடிவு வெளியாச்சு, ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல. அத்தை மனசு நோகக்கூடாதுன்னா தங்கச்சி உருண்டையைச் சாப்பிடட்டும். ஆனா துஜான்னு குப்பியில வர்ற தாய்த் திரவத்தை (மதர் டிங்சர்) முகத்துல பூச வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்
ஏனுங்க, பால் வைக்கிற விஷயத்துக்கு யாருமே பதில் சொல்லலியே. நான் கண் வார்டுல வேலை பாக்கறேன். பாலக்காட்டுப் பக்கமும் சரி, பொள்ளாச்சிப் பக்கமும் சரி, செடிப் பாலை மருவுக்கு வைக்கறேன்னு கண்ணுல விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. அம்மான் பச்சரிசி அதுல கொஞ்சம் சாது, சில பேரு கீரையாவே சமைப்பாங்க. ஆனா ஊருல "பால்"னு ஒரே பேச்சாச் சொல்லிட்டு ஒருத்தர் சதுரக்கள்ளியை ஒடிப்பாரு, இன்னொருத்தர் திருகுகள்ளி, இன்னொருத்தர் எருக்கு.

கள்ளிப்பால் கண்ணுல பட்டா நேரம் ஆக ஆக எரிச்சல் ஏறும், கண்ணைத் தொறக்கவே முடியாது. எருக்கம்பால் இன்னும் ஏமாத்துக்காரி. சில பேருக்கு வலியே இருக்காது, அது மரத்துப்போக வெச்சிரும். "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் பொகையாத் தெரியுது"ன்னு வருவாங்க. பாத்தா கருவிழி வீங்கி மங்கிப் போயிருக்கும். பார்வை திரும்ப நாளாகும்.

நெத்தியில வெச்ச பால் வேர்வையில வழிஞ்சா எங்க போகும்? புருவம், அப்பறம் கண்ணு. செங்கோட்டை வெயிலுக்குக் கேக்கவே வேண்டாம். யாருக்காவது பட்டுருச்சுன்னா தேய்க்காதீங்க. நல்ல தண்ணிய கால் மணி நேரத்துக்குக் குறையாம ஊத்திக் கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போங்க. தாய்ப்பால் விடறது, விளக்கெண்ணெய் விடறது எதுவும் வேண்டாம். அந்தச் செடியில ஒரு கொத்து கையோட கொண்டு வந்தா எங்களுக்கு வேலை சுளுவு.

மார்த்தாண்டத்து மாமா
எல்லாரும் சேர்ந்து என்னைய வில்லனாக்கிட்டியளே. செரி, ஒண்ணு கேக்கேன். ஆஸ்பத்திரியிலயும் டாக்டரு சுடத்தானே செய்யியாரு? கரண்டு வச்சுச் சுடுதாரு, ஐஸ் வச்சுச் சுடுதாரு. எங்க ஆசான் சுட்டா தப்பு, அவரு சுட்டா வைத்தியமா?

பாளையங்கோட்டை சித்தா
மாமா கேட்டது சரியான கேள்வி, அதுக்கு நான் வாறேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில படிச்சவன், இப்ப தென்காசிப் பக்கம் பாக்கேன்.

சித்த மருத்துவத்துல புற மருத்துவம் 32 வகை. அதுல காரமும் உண்டு, சுட்டிகையும் உண்டு. மருவைச் சுடுறதும் கரைக்கிறதும் நமக்குப் புதுசில்ல. ஆனா காரம்னா அது ஒரு மருந்து. சுத்தி செஞ்சு, அளவு பாத்து, எந்த இடத்துல எவ்வளவு நேரம் வைக்கணும்னு தெரிஞ்சவன் கையால வைக்கிறது. அடுப்படியில சுண்ணாம்பு டப்பாவுல இருந்து எடுத்து வைக்கிறதுக்கு அந்தப் பேரு கிடையாது. நல்ல ஆசான் முகத்துல லேசுல கை வைக்க மாட்டாரு. மாமாவுக்குக் கையில வச்ச ஆசானே மாமா முகத்துல மரு வந்திருந்தா வச்சிருப்பாரான்னு கேட்டுப் பாக்கணும்.

இங்க முக்கியமானது வேற. மரு தானாப் போச்சுன்னா தழும்பு விடாது. வைரஸ் இருக்கிறது தோலோட மேலடுக்குலதான், கீழ வேர் எதுவும் ஓடல. சில மருவுல கருப்புப் புள்ளி தெரியும், அதைத்தான் வேர்னு நினைச்சு ஊசியால தோண்டுறாங்க. அது ரத்தம் உறைஞ்ச நுண்குழாய். சுட்டாலும் அறுத்தாலும் தோண்டினாலும் அந்த மேலடுக்கைத் தாண்டிக் கீழ இறங்கினாத்தான் தழும்பு. நம்ம நிறத்துக்குத் தழும்பு இல்லாட்டிக்கூட கருப்புத் திட்டு மாசக்கணக்குல நிக்கும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, அதை வச்சு உறைய வச்சா சில பேருக்கு வெள்ளைத் திட்டே விழும். அதனால நெத்தி நெறைய தட்டை மரு இருக்கிற பொண்ணுக்குப் பல தோல் டாக்டர்களும் எடுத்த எடுப்புல சுட மாட்டாங்க. நீளமா முள்ளு மாதிரி இமையிலயோ உதட்டு ஓரத்துலயோ ஒண்ணே ஒண்ணு இருந்தா அதைக் கரண்டுல ஒரு நிமிஷத்துல எடுத்துருவாங்க, அது வேற கதை.

மாமா கேட்டதுக்குப் பதில் இதுதான். ரெண்டு பேரும் சுடுறாங்க. ஆழம் தெரிஞ்சவன் சுடணும், சுடக்கூடாத இடத்துல விடணும்.

மார்த்தாண்டத்து மாமா
ம்ம். ஆசான் உசுரோட இல்ல, கேக்க முடியாது. ஆனா அவரு கண்ணுக்குக் கீழ ஒரு பிள்ளைக்கு வைக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினது எனக்கு ஓர்மை இருக்கு.

குமுளி ஏலக்காய்
அண்ணே, என் பிரச்சினையும் இங்கனயே கேட்டுக்கிறேன். எனக்குத் தாடையில, கழுத்துல, முள்ளு முள்ளா வந்திருக்கு. ஷேவ் பண்ணும்போது வெட்டுப்பட்டு ரத்தம் வருது. சலூன்ல படிகாரம் தேச்சு விடுறாங்க. வெட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்துலயே புதுசா வருது. பூண்டு தட்டி வச்சு மேல பிளாஸ்திரி ஒட்டலாமா? ஆப்பிள் சீடர் வினிகர்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. சும்மா டேப்பை ஒட்டினாலே போயிரும்னும் இன்னொருத்தர் சொன்னாரு.

களியக்காவிளை மருந்துக்கடை
தம்பி, உங்களுக்கும் அந்தக்காவோட தங்கச்சிக்கும் நடந்தது ஒண்ணுதான். அங்க நூல், இங்க பிளேடு. தோல்ல கீறல் விழுந்ததும் வைரஸ் அதுவழியா விதைச்சுக்கிட்டே போகுது, அதனாலதான் வரிசையா வருது. வைத்தியம் எதுவா இருந்தாலும் மொதல்ல இதை நிறுத்தணும். கொஞ்ச நாளைக்குப் பிளேடு வேண்டாம், டிரிம்மர் வச்சு ஒட்டாம வெட்டுங்க. டிரிம்மரை வீட்டுல யாருக்கும் குடுக்காதீங்க. துண்டு தனி. சலூன்ல புது பிளேடு போட்டாலும் படிகாரக் கட்டி எல்லா முகத்துக்கும் ஒண்ணுதானே? அதைத் தொட விடாதீங்க. பார்லர் போற பெண்களும் மரு போற வரைக்கும் நூல் போடுறதையும் முகத்துல தேய்ச்சு உரிக்கிற பேஷியலையும் நிறுத்தணும். வந்ததுல கை வச்சுக் கிள்ளக்கூடாது, கிள்ளின விரலுக்கும் வரும்.

பூண்டைத் தட்டி ஒட்டி ராத்திரி பூரா வச்சா தோல் வெந்து கொப்புளம் போடும். வினிகர்ல அசிட்டிக் அமிலம் 5 சதவீதம்தான், ஆனா பஞ்சுல நனைச்சு மேல கட்டுப் போட்டா முகத்துக்கு அதுவே அதிகம். வாழைப்பழத் தோல், உருளைக்கிழங்குச் சாறு, கற்றாழைச் சோறு, வேப்பிலை மஞ்சள் இதெல்லாம் பூசினா பெரிய கெடுதல் இல்ல, மருவுக்கு நல்லதுன்னு சொல்லவும் எதுவுமில்ல.

டேப் கதை சுவாரசியமானது. 2002ல ஒரு ஆய்வுல டேப் ஒட்டினவங்கள்ல 85 சதவீதத்துக்குப் போச்சு, உறைய வச்சவங்கள்ல 60 சதவீதத்துக்குத்தான் போச்சுன்னு வந்துச்சு. உலகமே டேப் ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. 2006லயும் 2007லயும் வேற ரெண்டு கூட்டம் திரும்பச் செஞ்சு பாத்தப்ப சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. எப்படியும் தாடி முடி மேல அந்த டேப்பை ஒட்டி எடுத்தீங்கன்னா மருவை மறந்துருவீங்க.

உங்களுக்கு இருக்கிற வகை தோல் டாக்டர்கிட்ட ஒரு தடவை உக்காந்தா சுலபமா எடுக்கிற வகை. கட்டப்பனையிலயும் பாக்கலாம், தேனியிலயும் பாக்கலாம், வீடியோவுல வேண்டாம்.

போடி அம்மா
குறுக்கால வர்றதுக்கு மன்னிக்கணும். என் பையனுக்கு நாலு வயசு. கண்ணுக்குப் பக்கத்துலயும் கன்னத்துலயும் முத்து முத்தா, பளபளன்னு இருக்கு. நடுவுல சின்னக் குழி. அமுக்கினா வெள்ளையா வருது. இதுவும் மருவா? மாமியார் ஊசியால குத்தி எடுக்கணும்ங்கிறாங்க.

பாளையங்கோட்டை சித்தா
நடுவுல குழி இருந்தா பெரும்பாலும் அது வேற வைரஸ், மொலஸ்கம்னு சொல்லுவாங்க. அம்மை வகையைச் சேர்ந்தது. பிள்ளைங்களுக்குச் சாதாரணமா வரும், மாசக்கணக்கு எடுத்துக்கிட்டாலும் தானா அடங்கிரும். குத்தி எடுத்தா உள்ள இருக்கிற அந்த வெள்ளை பட்ட இடமெல்லாம் பரவும். கண்ணுக்குப் பக்கத்துல இருக்கிறதால ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருங்க. அத்தையம்மாகிட்ட ஊசியை மட்டும் வாங்கி வச்சுக்கோங்க.

தென்காசி டீ மாஸ்டர்
எங்க மச்சானுக்குக் கழுத்துல தொங்குற மாதிரி இருந்துச்சு. குதிரைவால் முடியை வச்சுக் கட்டினாங்க, கருத்து விழுந்துருச்சு. அதுவும் தப்பா?

பாளையங்கோட்டை சித்தா
அது மரு இல்ல அண்ணாச்சி, தோல் தொங்கல். வைரஸ் கிடையாது, ஒட்டவும் ஒட்டாது. காம்பு மாதிரி இருக்கிறதால கட்டினா ரத்தம் நின்னு விழுந்துரும். சில நேரம் புண்ணாகிச் சீழ் வைக்கும். இமை ஓரத்துல இருக்கிறதை யாரும் கட்டிப் பாக்க வேண்டாம். அதைவிட முக்கியம், மச்சானுக்குக் கழுத்துப் பின்னாடி தோல் கருத்து வெல்வெட்டு மாதிரி தடிச்சிருந்தா சர்க்கரை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்து வர்றது இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கிறதோட அடையாளமா இருக்கும்.

தென்காசி டீ மாஸ்டர்
கழுத்து கருப்புதான். தேங்காநாரை வச்சுத் தேச்சுக்கிட்டு இருக்கான். சொல்லிப் பாக்கேன்.

செங்கோட்டைக்காரி
எல்லாருக்கும் நன்றி. அம்மாகிட்ட காஸ்டிக் சோடான்னு சொன்னதும் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து உள்ள வச்சுட்டா. ஆனா ரெண்டு சந்தேகம் இருக்கு. ஒண்ணு, அம்மா கன்னத்துல இருக்கிறது தங்கச்சிக்குத் தொத்தினதா? ரெண்டாவது, எதையெல்லாம் பாத்தா உடனே ஓடணும்?

களியக்காவிளை மருந்துக்கடை
படம் பாக்காம நான் சொல்ற பதில் அரைப் பதில்தான். அம்மாவுக்குக் கன்னத்துல ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா, கருப்பா, வயசு ஏற ஏறக் கூடிக்கிட்டே வந்திருந்தா அது பெரும்பாலும் பரம்பரையா வர்ற தோல் முடிச்சு. மாநிறத்துக்கும் கருப்புக்கும் நிறையப் பேருக்கு வரும். வைரஸ் இல்ல, தொத்தாது, ஒண்ணும் செய்யாது. அம்மா சொன்னது பாதி சரி, அவங்களுது குடும்பத்துச் சொத்து. தங்கச்சியோடது பார்லர்ல பரவினது.

உடனே போக வேண்டியது எதுன்னா, வேகமா வளர்றது, தானா ரத்தம் கசியறது, ஆறாத புண்ணாகிறது, ஒரே முடிச்சுல ரெண்டு மூணு நிறம் தெரியறது, ஓரம் கோணலா பரவறது. வயசானவங்களுக்கு முகத்துல புதுசா ஒரு முடிச்சு வந்து போகலைன்னாலும் காட்டணும். அதை மரு மரு-ன்னு வருஷக்கணக்கா சுண்ணாம்பு வச்சு எரிச்சுக்கிட்டே இருந்தா தோல் புற்று நோய் கண்ணுல படாமலே போயிரும். இளவயசுல திடீர்னு முகம் நெறைய ஏராளமா மரு வந்தா எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருக்கான்னும் டாக்டர் பாப்பாரு. பயந்துக்காதீங்க, உங்க தங்கச்சியோடது கேக்கிறதுக்கு அப்படித் தெரியல.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்
கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குதுங்க. தென்காசி அரசு ஆஸ்பத்திரியிலயோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலயோ தோல் பிரிவுல ஒரு சீட்டுப் போட்டு இப்பவே காட்டிருங்க. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப போய்ச் சுடச் சொன்னா மண்டபத்துல பொருக்கோடதான் உக்காரணும்.

செங்கோட்டைக்காரி
போயிட்டு வந்தாச்சு. விவரம் சொல்றேன், பின்னாடி யாருக்காவது உதவும்.

டாக்டரம்மா கண்ணாடி வச்சுப் பாத்துட்டு தட்டை மருதான்னு சொல்லிட்டாங்க. சுட வேண்டாம், நெத்தி பூரா திட்டு விழுந்துரும்னாங்க. ராத்திரி மட்டும் ட்ரெட்டினாயின் களிம்பு, குறைஞ்ச வீரியம், ரொம்ப மெல்லிசா. மொதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் உரியும், சிவக்கும், பயப்படாதீங்க, தாங்கலைன்னா நிறுத்திட்டு வாங்கன்னாங்க. பகல்ல வெயில் களிம்பு கட்டாயம். குறையலைன்னா பிள்ளைங்களுக்குத் தட்டம்மைக்குப் போடுற எம்.எம்.ஆர் தடுப்பூசி மருந்தையே ஒரு மருவுக்குள்ள ஊசியா போடுவாங்களாம், எதிர்ப்புச் சக்தி முழிச்சுக்கிட்டா மத்த மருவும் சேர்ந்து போகுமாம். இன்னொண்ணு தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க: கர்ப்பமா இருந்தாலோ, அதுக்கு முயற்சி பண்ணினாலோ இந்தக் களிம்பு கூடாது, அதனால கல்யாணத்துக்கு முன்னாடியே நிறுத்திரலாம்னு. அம்மா கன்னத்துல இருக்கிறது தொத்தாதுன்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு இப்ப அதையும் எடுக்கணும்னு ஆசை வந்துருச்சு.

களியக்காவிளை மருந்துக்கடை
நல்ல வைத்தியம். ஒண்ணு சேர்த்துக்கிறேன். தட்டை மரு போகப் போற நேரத்துல திடீர்னு எல்லாம் சேர்ந்து சிவந்து, தடிச்சு, அரிக்கும். உடம்பு அதைக் கண்டுபிடிச்சுச் சண்டை போடுற நேரம் அது. நிறையப் பேர் அப்பத்தான் பயந்து போயி புதுசா எதையாவது பூசி முகத்தைக் கெடுத்துக்கிறாங்க. அப்படி வந்தா டாக்டருக்கு ஒரு போன் போடுங்க, கையை மட்டும் வைக்காதீங்க. களிம்பு கடையில கேக்கும்போது ஸ்டீராய்டு கலந்த "மூணு மருந்துக் களிம்பு" எதையும் சிவப்பழகுக்குன்னு சொல்லித் தந்தா வாங்காதீங்க. அது பூசினா மரு குஷியா வளரும். எங்க தொழில்ல இருக்கிறவங்களே இதை விக்கிறாங்க, சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

மார்த்தாண்டத்து மாமா
மக்களே, கல்யாணப் பத்திரிகை இங்க போடு. அண்டிப்பருப்பு நான் கொண்டு வாறேன். தோட்டெண்ணெய் இல்லாம.

செங்கோட்டைக்காரி
கண்டிப்பா மாமா 😀

ரெண்டு மாசம் ஆயிருச்சு, ஒரு தகவல். புருவத்துக்கு மேல இருந்த வரிசை பாதிக்கு மேல மங்கிருச்சு. பொட்டுப் பக்கம் இன்னும் இருக்கு, ஆனா தள்ளி நின்னா தெரியல. நடுவுல ஒரு வாரம் நெத்தி சுருக்கம் விழுந்து உரிஞ்சப்ப அம்மா ரொம்ப பயந்துட்டா, டாக்டரம்மா ரெண்டு நாள் நிறுத்தச் சொன்னாங்க, சரியாப் போச்சு. பார்லர் அக்காகிட்டயும் விஷயத்தைச் சொன்னோம். அவங்களுக்கே தெரியல, இப்ப மரு இருக்கிறவங்களுக்கு நூல் போட மாட்டேன்னுட்டாங்க.

இப்ப கடைசிக் கேள்வி. கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு. அத்தைமார், சித்திமார், புனலூர்ல இருந்து வர்றவங்க எல்லாரும் மஞ்சளும் சந்தனமும் முகம் பூரா பூசித் தேச்சு விடுவாங்க. களிம்பு போட்ட தோலு தாங்குமா?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்
களிம்பை எப்ப நிறுத்தணும்னு டாக்டரம்மாகிட்ட இப்பவே தேதி கேட்டு வெச்சுக்கோங்க, நலங்குக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. அப்பவும் தேய்க்க மட்டும் விடாதீங்க, அத்தனை பேரு கையும் நெத்தியில ஏறி இறங்கினா மறுபடி பரவும். கையிலயும் காலிலயும் எவ்வளவு வேணும்னாலும் பூசட்டும். முகத்துக்கு மூத்த சுமங்கலி ஒருத்தங்க கன்னத்துல ஒரு தொடு தொட்டு வெச்சா முறை ஆச்சுங்க. மஞ்சள் வீட்டுல அரைச்சதா இருக்கட்டும், கடைப் பொட்டலம் வேண்டாம். பூசினதைத் துணியால தொடைக்காம வெறும் தண்ணிய ஊத்திக் கழுவச் சொல்லுங்க.

செங்கோட்டைக்காரி
சரிக்கா. புனலூர் அத்தைகிட்ட யார் சொல்றதுன்னுதான் இப்ப வீட்டுல பேச்சு. அண்ணனை அனுப்புறோம்.